சென்னியப்பனின் நிழலுக்கு வளைகாப்பு

சென்னியப்பனின் நிழல் கர்ப்பமாக இருப்பதை நொச்சிவலசில் முதலில் கவனித்தவர் டீக்கடை சாமியப்பன். காலை வெயில் சாய்ந்து விழுந்து, எதிரே நெசவாளர் சங்கத்தின் வெள்ளைச் சுவரில் தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரையும் பக்கவாட்டில் வரைந்து காட்டும் நேரம் அது. விசைத்தறிக்கு வேலைக்குப் போகும் வழியில் வழக்கம்போல் டீக்கு நின்ற சென்னியப்பன் ஒல்லியான ஆள், வயிறு முதுகோடு ஒட்டியவன். சுவரில் நின்ற அவன் நிழலுக்கோ மார்புக்குக் கீழே வயிறு புடைத்திருந்தது, இடுப்பு பின்னால் வளைந்திருந்தது, அவனுடைய இரண்டு கைகளும் டீ கிளாஸைப் பிடித்திருக்க நிழலின் ஒரு கை தன் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சாமியப்பன் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆறு மாசம் இருக்கும்," என்றார்.

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது," என்று திருத்திவிட்டு மறுபடி பேப்பருக்குள் போனார். சென்னியப்பன் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. எத்தனை மாசம் என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் அவன் மனைவி வசந்தாமணிக்கு அதே மாசம் என்று முந்தின நாள்தான் சுகாதார நர்ஸ் ஸ்டெல்லா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்த நிழலுக்கு என்ன அர்த்தம் என்று முடிவுசெய்ய ஊருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சென்னியப்பன் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்ணும் ஒரு பையனும் இருந்தார்கள். பையன் பிறந்தபோது வசந்தாமணியின் உதடுகள் நீலமாகிவிட்டன. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, இன்னொரு பிள்ளையை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொன்னார். காப்பர்-டி வைத்துப் பார்த்தார்கள்; ரத்தப்போக்கு நிற்காமல் எடுத்துவிட்டார்கள். இவளுக்கு ஆபரேஷன் செய்வதும் இப்போதைக்கு ஆபத்து, ஆண்களுக்கென்றால் பத்து நிமிட வேலை, தையல்கூட இல்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் நொச்சிவலசில் எந்த ஆணும் அதுவரை அதைச் செய்துகொண்டதில்லை. பெண்கள்தான் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வேனில் கூட்டமாகப் போவார்கள், பாயில் படுத்தபடி திரும்பி வருவார்கள், காயம் ஆறுவதற்குள் தறிக்கு முன்னால் போய் நிற்பார்கள். ஆண்கள் செய்துகொண்டால் இடுப்பு விட்டுப்போகும், அப்புறம் பாவு சுற்றிய உருளையைத் தூக்கித் தறியில் மாட்ட முடியாது என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு நாளெல்லாம் தறி ஓட்டினார்கள்.

வசந்தாமணி கெஞ்சவில்லை, அழவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க பண்ணிக்கறீங்களா?"

"பண்ணிக்கறேன்," என்றான்.

பண்ணிக்கொள்ளத்தான் போனான், பஸ் ஏறினது உண்மை, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தது உண்மை, பெயரைக் கூப்பிட்டபோது அது வேறு யாருடைய பெயரோ என்பதுபோலச் சுற்றிலும் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்ததும் உண்மை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டா தின்றான். ஊரில் இறங்கியதும் காலை அகட்டி வைத்து மெதுவாக நடந்தான். அந்த நடையைப் பார்த்து வசந்தாமணி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு அவன் கட்டிலில் படுத்திருந்த நாட்களில் அவள் அவனுக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள், பால் காய்ச்சிக் கொடுத்தாள், அவன் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர்கூட எடுக்கக் கூடாது என்று தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தானே சுமந்தாள். வாசற்படி ஏறுவதற்கு முன்னால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் மூச்சு வாங்குவது கட்டிலுக்குக் கேட்கும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவன் ஒவ்வொரு குடத்துக்கும் நினைத்தான். நினைத்து நினைத்து எழுந்து உட்கார்வான், அவள் உள்ளே வந்து, "படுங்க, வலிக்கப்போகுது," என்பாள், படுத்துக்கொள்வான்.

அவள் பெருமை தாங்காமல் ஸ்டெல்லா நர்ஸிடம் சொன்னாள். ஸ்டெல்லா நர்ஸ் மகளிர் குழுக் கூட்டத்தில் கை தட்டச் சொன்னார். ஊர் ஆண்கள் டீக்கடையில், "பாத்துப் போடா, கிளாஸு கனமா இருக்கப்போகுது," என்று கிண்டல் செய்தார்கள். சென்னியப்பன் சிரித்துக்கொண்டான். கடினமான ஒன்றைச் செய்தவனைக் கிண்டல் செய்வதுபோல் அவர்கள் செய்தார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்ததை நினைத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய் கசந்தது.

அவன் சொன்னதை நம்பியதால்தான் வசந்தாமணி மாதத் தூரம் தள்ளிப்போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்கியது, நெஞ்சுக் கோளாறு என்று நினைத்தாள். கால் வீங்கியது, தறிமுன் நிற்பதால் என்று நினைத்தாள். ஸ்டெல்லா நர்ஸ் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு மாசத்தை விரல் விட்டு எண்ணியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கலைப்பதற்கான காலம் தாண்டியிருந்தது. அவளுடைய இதயத்துக்கு இனிக் கலைப்பதும் ஆபத்து, சுமப்பதும் ஆபத்து.

சென்னியப்பனின் அம்மா ராமாத்தா நர்ஸ் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"எம்மகன் ஆபரேசன் பண்ணுனவன். இது ஆருதுன்னு சொல்லு."

"சிலபேருக்கு அது பலிக்காமப் போறதும் உண்டுன்னு நர்ஸம்மா சொன்னாங்க அத்தை," என்றாள் வசந்தாமணி. பிறகு அவனைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்ததை ராமாத்தா பார்த்தாள், கதவோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அவனுடைய மகள் பார்த்தாள். மறுநாள் காலையில்தான் சுவரில் அந்த நிழல் விழுந்தது.

ஆகவே ஊர் இப்படி முடிவு செய்தது: பொண்டாட்டி தப்பு செய்துவிட்டாள், இந்த மனுசன் அவளை அடிக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை, அவளுடைய பாரத்தைத் தன் நிழலில் வாங்கிச் சுமக்கிறான். இப்படியொரு ஆண் நொச்சிவலசில் இதற்கு முன் பிறந்ததில்லை. வேறு அர்த்தம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊரார் கெட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல மனதோடுதான் எல்லாவற்றையும் செய்தார்கள்.

தறிப்பட்டறை முதலாளி நாச்சிமுத்து அவனைத் தறியிலிருந்து எடுத்து, துணி மடிக்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், தலைக்கு மேலே ஒரு மின்விசிறியும் மாட்டினார். அந்தப் பட்டறையில் நிறைமாதப் பெண்கள் வயிறு தறிச்சட்டத்தில் இடிக்காமல் ஒருக்களித்து நின்று அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேருக்குத் தறியடியிலேயே பனிக்குடம் உடைந்திருக்கிறது. அப்போதெல்லாம் பட்டறையில் நாற்காலி இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. மாதுளம்பழம் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, முருங்கைக்கீரை சூப் தூக்குவாளியில் வந்தது. சைக்கிளில் வருகிறவர்கள் நிழலின்மேல் ஏறாமல் ஒதுங்கிப் போனார்கள். நடுமதியத்தில் நிழல் காலடியில் சுருங்கிவிடுவது வயிற்றுப்பிள்ளைக்கு நெருக்கடி என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, பன்னிரண்டு மணிக்கு அவனை வெளியே விடக்கூடாது என்று ஏற்பாடாயிற்று. ஸ்டெல்லா நர்ஸைக் கூட்டி வந்து நிழலுக்கு வயிற்றளவு எடுக்கச் சொன்னார்கள். அவர் டேப்பைத் தரையில் விரித்து அளந்துவிட்டு, "வளர்ச்சி நல்லா இருக்கு," என்றார். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இதோட அம்மா எங்கே?" என்று கேட்டார். யாரோ தெருமுனையைக் காட்டினார்கள். அங்கே வசந்தாமணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சென்னியப்பனால் மாதுளை முத்துக்களை விழுங்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் தட்டில் வைப்பான். "உங்க நெழலுக்குக் குடுத்தது. நான் தின்னா அவங்களுக்குப் பொறுக்காது," என்று அவள் தட்டைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிடுவாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இதயத்தைக் காட்டப் போன நாளில் பஸ் நிறைந்திருந்தது. கர்ப்பிணிகளுக்கான இருக்கையில் இருந்தவர் சென்னியப்பனைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். "உக்காருங்க தம்பி, ஜன்னலோரமா உக்காருங்க, நெழலுக்குக் காத்து வரட்டும்." சென்னியப்பன் வசந்தாமணியைப் பார்த்து, "நீ உக்காரு," என்றான்.

"அவுங்களுக்கு எதுக்குங்க? அவரு உங்களுக்குத்தான் எந்திரிச்சாரு," என்றார் கண்டக்டர்.

வசந்தாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நகர்ந்துவிட்டாள். காலியான இருக்கையில் அவனும் உட்காராமல் நின்றான். வெயில் ஜன்னல் வழியாக வந்து, வேறு யாரும் உட்காராத அந்த இருக்கையில், வயிற்றைத் தாங்கியபடி அவனுடைய நிழலை உட்காரவைத்தது. ஆஸ்பத்திரி வரும்வரை அது உட்கார்ந்தே வந்தது.

டாக்டரம்மா இதயத்தின் ஸ்கேன் படத்தைப் பார்த்தார், அவளுடைய நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். ஒன்பதாம் மாசம் தொடங்கும்போதே வந்து படுத்துவிட வேண்டும், கூடவே ஒரு பெண் துணைக்கு இருக்க வேண்டும் என்றார். யார் வருவார்கள் என்று கேட்டார். அவளுடைய அம்மா வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ராமாத்தா அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

ஏழாம் மாசம் பிறந்ததும் நிழலுக்கு வளைகாப்பு என்று நாச்சிமுத்து அறிவித்தார். பட்டறை முற்றத்தில் மாலை வெயில் நீளமாக விழும் இடத்தில் மனை போட்டு அவனை நிறுத்தினார்கள். நிழல் தரையில் படுத்திருப்பதுபோல் விழுந்தது. அதைச் சுற்றிக் கோலமாவால் கோடு போட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து நிழலின் கன்னத்தில் சந்தனம் தடவினார்கள், நிழலின் மணிக்கட்டில் கண்ணாடி வளையல்களை வைத்தார்கள். புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் எலுமிச்சைச் சோறும் பந்திக்குத் தயாராக இருந்தன. ராமாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே நலங்கு பாடினாள்.

அப்போது வசந்தாமணி பட்டறை வாசலுக்கு வந்தாள். பையனுக்குக் காய்ச்சல், அவனை வாசற்படியில் படுக்கவைத்திருந்தாள்; வீட்டுச் சாவி சென்னியப்பனிடம் இருந்தது, அதற்காக வந்தாள். அவளுடைய கைகளில் ஒரு வளையல்கூட இல்லை. வீங்கிய கைகளுக்கு எதுவும் நுழையவில்லை என்று கழற்றியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்து பந்திவரிசையிலிருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இவ ஆருக்குப் பொறந்தவளோ," என்றாள். மெல்லத்தான் சொன்னாள். அந்தச் சிறுமி சரியாகக் கேட்டுவிட்டு, தன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஆபரேசன் பண்ணிக்கவே இல்லை," என்றான் சென்னியப்பன்.

நலங்கு நின்றது.

"போனேன். பயந்துக்கிட்டு வந்துட்டேன். பொய் சொன்னேன். அது எம்புள்ள."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாத்தீங்களாய்யா," என்றார். "அவளுக்காகப் பொய்கூடச் சொல்றான். பழியத் தூக்கித் தந்தலைல போட்டுக்கறான்." பெண்கள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள். ராமாத்தா வந்து அவனுக்கு நெட்டி முறித்தாள். "நெசமாத்தாஞ் சொல்றேன் ஆத்தா," என்றான். "தெரியுஞ்சாமி, உம்மனசு ஆத்தாளுக்குத் தெரியாதா," என்றாள். அவன் சொல்லச் சொல்ல அவன் இன்னும் நல்லவனாகிக்கொண்டே போனான். நிழலின்மேல் இன்னும் இரண்டு வளையல்கள் விழுந்தன.

நம்பியது ஒருத்திதான். அவள் சாவியை வாங்காமலே திரும்பி நடந்தாள்.

அவன் பின்னால் ஓடினான். பூட்டிய கதவுக்கு முன்னால் அவள் பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு அடங்கியதும் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"படுத்திருந்தீங்களே, அப்ப வலிச்சுதான்னு கேட்டேன். சுருக்குன்னு இருக்குதுன்னு சொன்னீங்க."

அவன் சாவியை அவள் பக்கம் நீட்டினான்.

"எனக்கு மூச்சு முட்டுனப்பவெல்லாம் நெஞ்சுன்னு நெனச்சேன். புள்ளைன்னு நெனக்கவே இல்லைங்க. உங்க பேச்சு மேல அத்தனை நம்பிக்கை. நெனச்சிருந்தா அப்பவே டாக்டரம்மாகிட்டப் போயிருப்பேன்."

"என்னை என்ன வேணா பண்ணு வசந்தா."

"உங்கள என்னத்தப் பண்றது." அவள் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நான் பொழைப்பனோ மாட்டனோ. பொழைக்கலைன்னா எம்புள்ளைக இந்தப் பேரோட இந்தத் தெருவுலதான் நடக்கோணும். நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நம்ப வைங்க. எனக்கு அது போதும்."

எப்படி நம்பவைப்பது என்று அவன் இரண்டு நாள் யோசித்தான். செய்யாத ஆபரேஷனுக்கு அடையாளம் இல்லை. செய்ததற்கும் பெரிதாக அடையாளம் இராது என்று டாக்டரம்மா அன்றே சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் அவன் நாச்சிமுத்துவிடமும் டீக்கடை சாமியப்பனிடமும் போய், நிழலை டாக்டரிடம் காட்ட வேண்டும், துணைக்கு வர வேண்டும் என்றான். நிழலுக்கென்றதும் இருவரும் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

அதே ஆஸ்பத்திரி, அதே பெஞ்சு. இந்தத் தடவை பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தான். அவன் கேட்டுக்கொண்டபடி டாக்டர் மற்ற இருவரையும் திரைக்கு வெளியே நிற்கவைத்துக்கொண்டே சோதித்தார்.

"ஏற்கெனவே பண்ணியிருக்கறதா ஊர்ல சொல்றாங்கங்க," என்றான் சென்னியப்பன். "இவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"யாருய்யா சொன்னது?" டாக்டருடைய குரல் திரையைத் தாண்டி வந்தது. "ரெண்டு குழாயும் முழுசா இருக்கு. இங்க யாரும் கையே வைக்கலை."

ஆபரேஷன் பத்து நிமிடத்தில் முடிந்தது. கொஞ்சம்தான் வலித்தது. அவ்வளவு கொஞ்சமாக வலித்தது அவனால் தாங்க முடியாததாக இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதான், மருந்து வைத்துக்கொண்டிருந்தவர் ரொம்ப வலிக்கிறதோ என்று கேட்டார். அவனுடைய ஆபரேஷனுக்கு வசந்தாமணியிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை என்பதையும் அப்போதுதான் நினைத்தான். அவளுடைய உடம்பில் எது செய்வதற்கும் அவனைத்தான் தேடுவார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கூட வந்த இருவரும் அவனுக்கு எழுந்து இடம் தரவில்லை. நாச்சிமுத்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் சாமியப்பன்தான் பேசினார்.

"இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லடா."

"சொன்னனுங்க. வளைகாப்புல."

"அது... சொல்ற மாதிரி சொல்லோணும்டா," என்றுவிட்டு அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செய்தி அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பரவியது, ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. நாற்காலி பட்டறையிலிருந்து காணாமல் போனது, தூக்குவாளிகள் வரவில்லை, நிழலின்மேல் சைக்கிள்கள் ஏறின. வசந்தாமணியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ராமாத்தா மட்டும் ஒரு நாள் அவள் கையிலிருந்து குடத்தை வாங்கித் தான் சுமந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு பையில் தன் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் வேறொன்று நடந்தது. நொச்சிவலசு ஆண்கள் குடை வாங்க ஆரம்பித்தார்கள். மழைக்காலம் வெகு தொலைவில் இருந்தது. இருந்தும் நாச்சிமுத்து குடை பிடித்துக்கொண்டு நடந்தார், முதல் மனைவியைத் தலைப்பிரசவத்தில் இழந்த ஒருவர் பெரிய குடை பிடித்தார், பேப்பர் படிக்கிறவர் பெஞ்சை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார். காலை வெயிலில் சங்கத்துச் சுவர்ப்பக்கம் போகிற ஆண்கள் நடையை எட்டிப் போட்டார்கள். தன்னுடைய நிழல் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. பெண்கள் மட்டும் குடையில்லாமல் அந்தச் சுவரோரமாக மெதுவாக நடந்து போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வசந்தாமணிக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. வசந்தாமணி கண் திறக்க நாட்கள் ஆயின; அந்த நாட்களில் சென்னியப்பன் கட்டடத்துக்கு வெளியே வெயிலில் நின்றான், நிழலும் நிறைவயிற்றோடு நின்றது. தாயும் பிள்ளையும் பிழைத்து வீடு திரும்பியதும் நிழலின் வயிறும் இறங்கிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது இறங்கவில்லை. ஸ்டெல்லா நர்ஸ் ஒரு தடவை பார்த்துவிட்டு, நிழலுக்கு எத்தனை மாசம் என்று தன் படிப்பில் இல்லை என்றார்.

வீடு வந்த மறுவாரம் ஒரு காலையில் வசந்தாமணி வாசலில் பாய் விரித்துக் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய சென்னியப்பன் அவள் அருகில் வந்து தயங்கி நின்றான்.

"இது எப்ப எறங்கும் வசந்தா?"

அவள் அவனுடைய நிழலை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். பாயின்மேல் அதன் வயிறு விழுந்திருந்தது.

"அதை எங்கிட்டக் கேட்டா எனக்கென்னங்க தெரியும். என்னுதை நான் எறக்கியாச்சு."

பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மஞ்சக்காமாலை லேசா இருக்குது, காலை வெயில்ல காட்டச் சொல்லியிருக்கறாங்க. புள்ளை மேல வெயில் படட்டும்."

அவன் தள்ளி நின்றான். நிழல் பாயிலிருந்து எழுந்து, ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, நிறைமாதக்காரி நகர்வதுபோல் அவனோடு மெதுவாக நகர்ந்தது.